மீட்பர் வாறதுக்கு முதலே தண்ணி சேர்த்த சனம்



'டூன்' இரண்டாவது படம் 2024 மார்ச்சில் வந்தபிறகு எங்கட வட்டங்களில் அதைப் பற்றி நிறையக் கதைச்சிட்டம். ஒரு பக்கம் சொல்லுது: "ஒடுக்கப்பட்ட சனம் எழும்பிப் பேரரசை விழுத்துது, இதைவிட எங்களுக்கு வேற என்ன படம் வேணும்?" மற்றப் பக்கம் சொல்லுது: "வெள்ளைக்காரப் பிரபுவின்ர மகன் வந்து பாலைவனச் சனத்தை மீட்கிற அதே பழைய காலனியக் கதை. இதுக்கு ஏன் காசு குடுத்து ரிக்கெற் எடுக்கவேணும்?"

ரெண்டும் பாதி சரி எண்டு நினைக்கிறன். ஆனா ரெண்டுமே கதையின்ர நடுவில நடக்கிற ஒரு விஷயத்தைத் தவற விடுது. 'டூன்' ஒரு பெடியன் பெரியவனாகிற கதை. அவன் பெரியவனாக ஆக, அவனைச் சுத்தி இருக்கிற சனம் சின்னனாகிக்கொண்டு போகுது. இந்த ரெண்டாவது பாதியைத்தான் நாங்கள், குறிப்பாக அமைப்புகளில் வேலை செய்யிற இளம் ஆக்கள், கவனமா வாசிக்கவேணும்.

இது வெறும் படக்கதை தானே எண்டு சொல்லுறவைக்கு ஒரு பதில். தலைமை எண்டால் என்ன, போராட்டம் எண்டால் என்ன எண்ட முதல் படத்தை எங்களில் கனபேருக்குத் தந்தது கட்சி வகுப்பு இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயசில வாசிச்ச, பார்த்த கதைகள்தான். 'ஸ்டார் வோர்ஸ்' முதல் 'டூன்' வரைக்கும் அதில ஒரே அச்சுத்தான்: தெரிவு செய்யப்பட்ட ஒருவர், ஒரு தீர்க்கதரிசனம், ஒரு பெரிய சண்டை. அந்த அச்சோடதான் நாங்கள் பிறகு கூட்டங்களுக்குப் போறம். "எங்களுக்கு ஒரு நல்ல தலைவர் இல்லை, அதுதான் பிரச்சினை" எண்டு யாரும் சொல்லாத கூட்டத்தை நான் இன்னும் காணேல்லை.

(கவனம்: கீழே முழுக்கதையும் வருது. இன்னும் பார்க்காத, வாசிக்காத ஆக்கள் பிறகு வாங்கோ.)

பதினைந்து வயசில தொடங்குது

ஃபிராங்க் ஹெர்பெர்ட் எழுதின நாவல் 1965 இல் புத்தகமாக வந்தது. அதுக்கு முதல் 'அனலொக்' எண்ட அமெரிக்க அறிவியல் புனைகதைச் சஞ்சிகையில் தொடராக வந்தது. கதை தொடங்கேக்க பவுல் அட்ரெய்டிஸுக்கு 15 வயசு. அவனுடைய தகப்பன் லெட்டோ ஒரு கோமகன். பேரரசர் அவையளைத் தண்ணி நிறைஞ்ச கலடான் கிரகத்தில இருந்து, தண்ணியே இல்லாத அராக்கிஸ் கிரகத்துக்கு அனுப்புறார். அராக்கிஸில் மட்டும்தான் 'ஸ்பைஸ்' எண்ட பொருள் கிடைக்கும். விண்வெளிப் பயணம் முழுக்க அதை நம்பித்தான் இருக்கு. எண்ணெய் எண்டு வாசிச்சாலும் பிழை இல்லை. அந்தக் கிரகத்தின்ர சொந்தச் சனம் ஃபிரெமென். அவையளை ஆள்றதுக்கு ஒரு பிரபுக் குடும்பம் போக இன்னொரு பிரபுக் குடும்பம் வருது. ஆளப்படுற ஆக்களிட்ட ஒருத்தரும் கேட்கிறேல்லை.

ஃபிரெமென்களும் அராக்கிஸில் முளைச்ச ஆக்கள் இல்லை எண்டதை இங்க சொல்லவேணும். நாவலில் அவை தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு கிரகமாக் கலைக்கப்பட்டு, அடிமைகளாப் பிடிபட்டு, தப்பி ஓடிவந்த சனம். தங்களுக்கு மறுக்கப்பட்டதை எல்லாம் சடங்கில சொல்லிச் சொல்லி ஞாபகம் வைச்சிருக்கிற ஆக்கள். அதாவது கதையில உண்மையான புலம்பெயர் சமூகம் அவைதான். எங்களுக்கு அவையளில ஒட்டுதல் வாறது தற்செயல் இல்லை.

ஹார்கொனென் குடும்பம் பேரரசரின்ர இரகசிய உதவியோட லெட்டோவைக் கொல்லுது. பவுலும் தாய் ஜெசிக்காவும் பாலைவனத்துக்குள்ள தப்பிப் போகினம். சாக வேண்டிய ரெண்டு பேரையும் காப்பாத்துறது என்ன? இங்கதான் கதை சுவாரசியமாகுது.

முன்கூட்டியே விதைச்ச நம்பிக்கை

ஜெசிக்கா 'பெனே ஜெஸரிட்' எண்ட பெண் துறவியர் அமைப்பைச் சேர்ந்தவ. அரச குடும்பங்களுக்குப் பின்னால நிண்டு, ஆரை ஆரோட கலியாணம் கட்டிவைக்கிறது எண்டு நூற்றாண்டுக் கணக்காத் திட்டம் போடுற அமைப்பு அது. அவைக்கு இன்னொரு வேலையும் இருக்கு: பின்தங்கின கிரகங்களுக்கு ஆள் அனுப்பி, "ஒருநாள் வெளியால இருந்து ஒரு தாயும் மகனும் வருவினம், மகன் உங்களை மீட்பான்" எண்ட மாதிரிக் கதைகளைப் பரப்பிவிடுறது. பின்னொரு காலத்தில தங்கட ஆக்கள் ஆரும் அங்க ஆபத்தில மாட்டுப்பட்டால், அந்தக் கதையைப் பிடிச்சுத் தப்பலாம். ஆயுள் காப்புறுதி மாதிரி.

ஃபிரெமென் காத்திருந்த மீட்பர் அவையளின்ர சொந்த ஏக்கத்தில இருந்து மட்டும் பிறந்தவர் இல்லை. ஆளும் வர்க்கத்தின்ர ஒரு பகுதி, தன்ர பாதுகாப்புக்காக, அந்த ஏக்கத்துக்குள்ள முன்கூட்டியே வைச்ச உருவம் அது. பவுலுக்கும் இது தெரியும். தாய்க்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ரெண்டு பேரும் அதைப் பாவிக்கினம்.

'ஆகவே பவுல் ஒரு ஏமாத்துக்காரன்' எண்டு முடிச்சிட்டால் கதை லேசாகிடும். ஹெர்பெர்ட் அவ்வளவு லேசா விடேல்லை. பவுலுக்கு எதிர்காலம் உண்மையிலயே கொஞ்சம் கொஞ்சமாத் தெரியத் தொடங்குது. அதில தன்ர பேரில நடக்கப் போற புனிதப் போரை அவன் பார்க்கிறான். பயப்படுறான். தடுக்க வழி தேடுறான். ஆனா ஒவ்வொரு முறையும், உயிர் பிழைக்கிறதுக்காக, பழிவாங்குறதுக்காக, அதே பாதையில இன்னொரு அடி வைக்கிறான். நல்ல மனசோட, கண்ணீரோட, தெரிஞ்சுகொண்டே. எனக்கு இந்தக் கதையில பயம் வாற இடம் இதுதான். கெட்டவன் கையில அதிகாரம் போறதைப் பற்றி எல்லாரும் எழுதுவினம். நல்ல பெடியன் ஒருத்தன் எப்பிடிப் போறான் எண்டு இதில படிப்படியாத் தெரியுது.

மூண்டு படிகள்

முதல் படி, ஜாமிஸ். ஃபிரெமென் குழுவில இருக்கிற ஜாமிஸ், இந்த வெளியாக்களை நம்ப மறுத்துச் சவால் விடுறான். பவுல் அவனோட கத்திச் சண்டை போட்டுக் கொல்லவேண்டி வருது. கத்திச் சண்டையில பவுல் கொல்லுற முதல் ஆள் அவன்தான். நாவலில அதுக்குப் பிறகு நடக்கிறது முக்கியம்: தாய் ஜெசிக்கா, மகன் இதில ருசி கண்டிடக் கூடாது எண்டு வேணுமெண்டே அவனைக் குத்திக் கதைக்கிறா. செத்தவீட்டில பவுல் அழுறான். தண்ணியை உயிருக்கு மேலால மதிக்கிற சனம், செத்தவனுக்காக ஒருத்தன் கண்ணீர் விடுறதைப் பார்த்து வியக்குது. ஜாமிஸின்ர மனைவி ஹாராவையும் ரெண்டு பிள்ளையளையும் பராமரிக்கிற பொறுப்பு வழக்கப்படி பவுலிட்ட வருது. கொலை செய்தால் அந்தக் குடும்பத்தின்ர சாப்பாட்டுக்கு நீ பொறுப்பு. இந்த இடம் வரைக்கும் அவன் ஒரு சமூகத்துக்குள்ள, அதின்ர சட்டத்துக்குக் கீழ, வளர்ந்துகொண்டிருக்கிறான்.

இரண்டாம் படி, மண்புழு. அந்தப் பெரிய பாலைவனப் புழுவில ஏறிச் சவாரி செய்தால்தான் ஃபிரெமென் பிள்ளை வளர்ந்த ஆள். பவுலும் ஏறுறான். படத்தில எல்லாரும் கைதட்டுற காட்சி. அதில ஒரு குறையும் இல்லை. எல்லாப் பிள்ளையளும் செய்யிறதை அவனும் செய்யிறான்.

மூண்டாம் படியிலதான் விஷயம் இருக்கு. ஃபிரெமென் வழக்கப்படி தலைவரைச் சவால் விட்டு வெண்டவர்தான் அடுத்த தலைவர். கொடூரமான வழக்கம், ஆனா அதில பிறப்புரிமை இல்லை. ஆரும் சவால் விடலாம். இளம் ஃபிரெமென்கள், பவுல் தங்கட தலைவர் ஸ்டில்காரைச் சவால் விடவேணும் எண்டு எதிர்பார்க்கினம். பவுல் மறுக்கிறான். நண்பனைக் கொல்லமாட்டன் எண்டு சொல்லுறான். வாசிக்கிற எங்களுக்கு ஒரு பெருமூச்சு வருது: பாருங்கோ, எவ்வளவு பண்பான பெடியன்.

ஆனா அவன் அதுக்குப் பதிலா என்ன செய்யிறான்? தகப்பனின்ர முத்திரை மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு, அராக்கிஸின்ர சட்டபூர்வமான கோமகன் நான்தான் எண்டு அறிவிக்கிறான். ஸ்டில்கார் அவனுக்குக் கீழ்ப்பட்ட ஆளாகச் சத்தியம் செய்யிறார். ஒரு உயிர் தப்புது. அதே நிமிஷத்தில, சவால் விடக்கூடிய தலைமை போய், சவால் விட ஏலாத பரம்பரைத் தலைமை வருது. எந்தப் பேரரசின்ர பட்டங்களுக்கு எதிராச் சனம் போராடிச்சுதோ, அதே பட்டத்தை அவன் அவையளின்ர நடுவில நட்டு வைக்கிறான். இரக்கம் மாதிரித் தெரியிற இடத்திலதான் அதிகாரம் கை மாறுது.

கடைசியில, நாவல் முடியிற நேரம், பவுல் ஸ்டில்காரைப் பார்க்கிறான். தன்னோட சமமா நிண்டு கதைச்ச, தனக்குப் பாலைவனத்தைச் சொல்லித் தந்த மனுசன் இப்ப தன்னை வணங்கிற பக்தனா மாறி நிக்கிறதைக் கவனிக்கிறான். கவலைப்படுறான். ஆனா நிப்பாட்டேல்லை. பேரரசரின்ர மகளைக் கலியாணம் கட்டிச் சிம்மாசனம் ஏறுறான். அவனோட பாலைவனத்தில வாழ்ந்து, பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளையைப் போரில பறிகொடுத்த சானிக்கு மனைவி எண்ட பேர் கூட இல்லை.

61 பில்லியன்

1969 இல் வந்த இரண்டாவது நாவல் 'டூன் மெசையா' பன்னிரண்டு வருஷம் கழிச்சுத் தொடங்குது. பவுலின்ர பேரில நடந்த போரில 61 பில்லியன் பேர் செத்திட்டினம். 90 கிரகங்களில உயிரே இல்லை. இதைப் பவுலே கணக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறான். ஃபிரெமென் பெடியள் தூரக் கிரகங்களில சண்டை பிடிச்சு, ஏலாமையோட திரும்பி வருகினம். கோயில் கட்டி, யாத்திரை நடத்தி, வரி சேர்க்கிற ஒரு பெரிய அதிகார வர்க்கம் வந்திட்டுது.

முதல் நாவலைத் தொடராப் போட்ட 'அனலொக்' ஆசிரியர் ஜோன் கேம்பல் இந்த இரண்டாவதைப் போட மறுத்திட்டார். வீரர் வீரராக இருக்கவேணும், விழக்கூடாது எண்டது அவரின்ர எதிர்பார்ப்பு. வேற சஞ்சிகையிலதான் வந்தது. 1984 இல் டேவிட் லிஞ்ச் எடுத்த படமோ இன்னும் ஒரு படி போய், பவுல் நினைச்சவுடன பாலைவனத்தில மழை பெய்யிறதோட முடியுது. எச்சரிக்கையா எழுதின கதையைச் சந்தை திரும்பத் திரும்ப வெற்றிக் கதையா மாத்தப் பார்த்தது.

வில்நெவ்வின்ர படம் இதில ஒரு நல்ல வேலை செய்திருக்கு. நாவலில இல்லாத ஒரு பிளவை அவர் ஃபிரெமென்களுக்குள்ள கொண்டுவந்தார்: தெற்கில தீர்க்கதரிசனத்தை நம்புற ஆக்கள், வடக்கில அதை நம்பாத இளம் போராளிகள். சானி ரெண்டாவது ஆக்களோட நிக்கிறா. இந்தத் தீர்க்கதரிசனமே எங்களை அடிமைப்படுத்திற வழி எண்டு அவவுக்கு விளங்குது. கடைசியில எல்லாரும் முழங்காலிட, அவ தனிய வெளியேறிப் போறா. முக்கியமான திருத்தம். ஆனா அதிலயும் ஒரு குறை: அவ தனியப் போறா. வடக்கில அவவோட நிண்ட மற்ற ஆக்கள் எங்க? அவை எப்ப, ஏன் மாறினவை? படத்துக்கு அதைக் காட்ட நேரம் இருக்கேல்லை.

ஹெர்பெர்ட்டிட்ட இருந்து எடுக்கவேண்டியதும் விடவேண்டியதும்

இடதுசாரிகளான நாங்கள் ஒண்டை மறக்கக் கூடாது. ஹெர்பெர்ட் எங்கட ஆள் இல்லை. 1954 இல் ஒரு குடியரசுக் கட்சி செனட்டருக்கு உரை எழுதிக் குடுத்தவர். வசீகரத் தலைவர்களில நம்பிக்கை வைக்காதேங்கோ எண்ட அவரின்ர எச்சரிக்கை நல்லதுதான். ஆனா அதே எச்சரிக்கை கொஞ்சம் சறுக்கினால், 'எழும்பாதேங்கோ, எழும்பினால் இதைவிட மோசமாத்தான் முடியும்' எண்ட பழமைவாதப் பாடமா மாறிடும். ஹார்கொனென்களின்ர கொடுமை உண்மை. அதுக்கு எதிரா ஃபிரெமென் போராடினது சரி. பிழை போராட்டத்தில இல்லை. ஒரு சனத்தின்ர போராட்டம் ஒருத்தனின்ர சிம்மாசனமா முடிஞ்சதிலதான் பிழை.

போராட்டத்துக்கு வேற வழி இருந்ததோ எண்டு கேட்டால், பதில் நாவலுக்குள்ளயே இருக்கு. பவுல் வாறதுக்கு முதலே ஃபிரெமென்களிட்ட ஒரு திட்டம் இருந்தது. ஒவ்வொரு குடியிருப்பும் நிலத்துக்குக் கீழ தண்ணி சேர்க்குது. பவுலுக்குக் காட்டுற ஒரு நீர்த்தேக்கத்தில மட்டும் 38 மில்லியன் டெக்காலீற்றருக்கு மேல. அது மாதிரி ஆயிரக்கணக்கில இருக்கு. காத்தில இருந்து ஈரம் பிடிக்கிற பொறிகள், மணலைக் கட்டிப்போடப் புல்லு, பிறகு மரம். தெற்கில நடக்கிற இந்த வேலையை மேலால ஆரும் பார்க்கக் கூடாது எண்டு, விண்வெளிப் போக்குவரத்தைக் கையில வைச்சிருக்கிற சங்கத்துக்கு ஸ்பைஸை லஞ்சமாக் குடுத்து, செய்மதி வராமல் பார்த்துக்கொள்ளினம். இந்தப் பாலைவனம் மாற முந்நூறில இருந்து ஐந்நூறு வருஷம் எடுக்கும் எண்டு தெரிஞ்சும் செய்யினம். தங்கட பேரப்பிள்ளையும் காணாத மழைக்காக ஒருத்தர் தன்ர தண்ணியைச் சேமிக்கிறார்.

இந்தத் திட்டத்தைத் தொடக்கிவைச்ச சூழலியலாளர் பார்டொட் கைன்ஸும் வெளியால இருந்து வந்தவர்தான், அவரையும் ஃபிரெமென் ஒரு மாதிரி மகான் ஆக்கினவைதான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனா வித்தியாசத்தைப் பாருங்கோ. கைன்ஸ் செத்த பிறகும் வேலை நடந்தது. ஏனெண்டால் அறிவு எல்லாருக்கும் போயிட்டுது. ஒவ்வொரு குடியிருப்பும் தன்ர பங்கைச் செய்யத் தெரிஞ்சு வைச்சிருந்தது. பவுல் தன்ர பார்வையை ஆருக்கும் கற்பிக்க ஏலாது. அது அவனின்ர மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு.

பேரரசரைக் கடைசியில விழுத்தினது தீர்க்கதரிசனமும் இல்லை. ஸ்பைஸ் வாறதை நிப்பாட்டுவன் எண்ட மிரட்டல்தான். உற்பத்தியை நிப்பாட்டுற பலம் எண்டால் என்ன எண்டு தொழிற்சங்கம் கண்ட எந்த ஆளுக்கும் தெரியும். அந்தப் பலம் அந்த மண்ணில நிக்கிற சனத்தின்ர பலம். பவுல் அதைத் தன்ர பேரில எழுதிக்கொண்டான்.

ஹெர்பெர்ட் நாவல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில, பூமியில ஒரு உண்மையான பாலைவன நாட்டுச் சனம் பேரரசை விழுத்தினது. 1962 இல் அல்ஜீரியா சுதந்திரம் அடைஞ்ச நேரம் அல்ஜியர்ஸ் சுவர்களில எழுதியிருந்த சுலோகம்: "ஒரே வீரர், மக்கள்." மூண்டு வருஷம் கழிச்சு, 1965 ஜூனில், 'டூன்' புத்தகமா வந்த அதே வருஷம், அங்க இராணுவத் தலைவர் பூமெதியன் ஆட்சியைக் கைப்பற்றினார். ஆகவே சுவரில சரியான சுலோகம் எழுதினால் மட்டும் காணாது. ஆயுதம் ஆரிட்ட, கணக்குப் புத்தகம் ஆரிட்ட, கூட்டத்தைக் கூட்டுற உரிமை ஆரிட்ட எண்டதுதான் கேள்வி.

அதே வயசில இன்னொரு பிள்ளை

பதினைந்து வயசில தொடங்குற இன்னொரு கதையைப் பக்கத்தில வைச்சுப் பார்ப்பம். கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஒக்டேவியா பட்லர் 1993 இல் எழுதின 'பேரபிள் ஒஃப் த சோவர்'. நாயகி லோரன் ஒலமினாவின்ர நாட்குறிப்பு 2024 ஜூலை 20 அண்டு, அவவின்ர பதினைந்தாவது பிறந்தநாளில, தொடங்குது. லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில மதில் கட்டின ஒரு சின்னக் குடியிருப்பு. வெளியில பசி, நெருப்பு, பெற்றோலைவிட விலை கூடின தண்ணி.

லோரனுக்கு ஒரு பிறவி நோய்: மற்றாக்களின்ர நோவைக் கண்டால் தனக்கும் அதே நோவு வரும். ஜாமிஸைக் கொண்ட பவுல் செத்தவீட்டில அழுதான். பிறகு 61 பில்லியனை எண்ணிச் சொல்லுற அளவுக்கு மரத்துப் போனான். லோரனுக்கு மரத்துப்போக வழியே இல்லை. ஒருத்தரைச் சுட்டால் அந்த அடி அவவின்ர உடம்பிலயும் விழும்.

இந்த மதில் நிலைக்காது எண்டு அவவுக்கு விளங்குது. அவவிட்ட எதிர்காலம் பார்க்கிற சக்தி ஒண்டும் இல்லை; செய்தியைப் பார்த்து யோசிச்சதுதான். சிநேகிதிக்குச் சொல்லுறா. சிநேகிதி பயந்து தாயிட்டச் சொல்ல, பிரச்சினையாகுது. தகப்பன் கூப்பிட்டுச் சொல்லுறது எனக்குப் பிடிச்ச இடம்: சனத்தைப் பயப்படுத்தாத, கற்பி. அதுக்குப் பிறகு அவ காட்டுச் செடிகளில எதைச் சாப்பிடலாம் எண்டு படிக்கிறா, அவசரப் பை கட்டி வைக்கிறா. குடியிருப்பு எரிஞ்ச பிறகு, பதினெட்டு வயசில, தப்பின ரெண்டு பேரோட நெடுஞ்சாலையில வடக்கு நோக்கி நடக்கிறா. வழியில ஒரு கைக்குழந்தைக் குடும்பம், கடனுக்கு அடிமைப்பட்டுத் தப்பி வந்த தாயும் மகளும், இப்பிடி ஒவ்வொருத்தராச் சேருகினம். ஆர் இரவுக் காவல், ஆருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆர் சொல்லிக் குடுக்கிறது எண்டு எல்லாம் கதைச்சு முடிவெடுக்கினம். லோரனும் தலைவிதான். தான் எழுதிற வசனங்களை ஒரு புது மதமாவே நினைக்கிறா. ஆனா அவவின்ர கதையில மற்றாக்கள் சின்னனாகேல்லை. வாசிக்கத் தெரியாமல் வந்த ஆள் வாசிக்கிறா, பயந்துகொண்டு வந்த ஆள் காவல் நிக்கிறா.

பட்லரும் நாயகியைச் சும்மா விடேல்லை. 1998 இல் வந்த அடுத்த நாவலில, லோரனிட்ட இருந்து பறிச்சு எடுக்கப்பட்ட மகள் வளர்ந்து வந்து, அம்மா என்னைவிடத் தன்ர இயக்கத்தைத்தான் கூட நேசிச்சவ எண்டு குற்றம் சாட்டுறா. அதுக்கு முழுப் பதில் புத்தகத்தில இல்லை. இயக்கத்தில நிண்ட தாய் தகப்பனோட வளர்ந்த ஆக்கள் எங்களுக்குள்ளயும் இருக்கிறம். அவைக்கு இது கற்பனை இல்லை.

எங்கட பதினைந்து வயசு

15 எண்ட எண்ணைச் சும்மா கடந்து போக ஏலாது. 15 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளைப் படையில சேர்க்கிறது போர்க்குற்றம் எண்டு 1998 ரோம் சட்டம் சொல்லுது. கதையில பவுல் நிக்கிற அதே கோடு. எங்கட போரில விடுதலைப் புலிகள் பிள்ளையளைச் சேர்த்ததையும், பிறகு அரச தரப்போட நிண்ட கருணா குழு சேர்த்ததையும் ஐ.நா.வும் மனித உரிமை அமைப்புகளும் ஆவணப்படுத்தியிருக்கினம். இதைச் சொல்லுறதால 2009 இல் இலங்கை அரசு வன்னியில சனத்துக்குச் செய்தது ஒரு துளியும் குறையாது. ஒண்டைச் சொல்லி மற்றதை மறைக்கிற விளையாட்டை ரெண்டு பக்கமும் விளையாடிக் காணும்.

எங்களில் கனபேர் நவம்பர் 27 இல் விளக்கேத்தி வளர்ந்தனாங்கள். நினைவுகூர்றது எங்கட உரிமை, அதை ஆரும் பறிக்க ஏலாது. ஆனா அந்தப் படங்களில இருக்கிற முகங்களைப் பாருங்கோ. அவை வளரேல்லை. இருபத்தைஞ்சு வயசில தலைமையோட முரண்பட்டு, நாப்பது வயசில பழசை மறுபரிசீலனை செய்து, பிள்ளையளோட சண்டை பிடிச்சு, பிழை விட்டுத் திருந்துற வாய்ப்பு அவைக்குக் கிடைக்கேல்லை. வீரர் எண்டு சட்டகத்துக்குள்ள வைச்சு வணங்கேக்க, அந்தப் பறிபோன வளர்ச்சியைப் பற்றிக் கேட்க மறந்திடுறம். அப்பிடிக் கேட்ட ஆக்களும் எங்களிட்ட இருந்தவை. 'முறிந்த பனை' நூலை எழுதின நாலு பேரில ஒருவரான ரஜனி திராணகம எல்லாத் தரப்பின்ர வன்முறையையும் எழுதினவ. 1989 செப்டெம்பர் 21 அண்டு யாழ்ப்பாணத்தில சுட்டுக் கொல்லப்பட்டா.

ஒரு மீட்பரும் இல்லாமல் வயசுக்கு வந்த போராட்டங்களும் எங்களிட்ட இருந்தது. 1966 ஒக்டோபர் 21 அண்டு சாதித் தீண்டாமைக்கு எதிராச் சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலம், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் நுழைவு. பின்னால ஒரு கம்யூனிஸ்ட் கட்சி நிண்டது, தலைவர்களும் இருந்தவை. ஆனா அந்தப் போராட்டத்துக்கு ஒரு தனி முகம் இல்லை. தேத்தண்ணிக் கடையில எல்லாரோடயும் சமமா இருந்து குடிக்கப் போன ஆயிரம் சாதாரண ஆக்கள்தான் அதின்ர முகம். இதை எத்தினை வீட்டில பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறம்?

அப்ப என்ன செய்வம்?

தலைமையே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. தலைமை இல்லை எண்டு சொல்லிக்கொள்ளுற அமைப்புகளில, கூடக் கதைக்கிற ஆள் சத்தமில்லாமல் தலைவராகிறதைக் கனதரம் கண்டிட்டம். தலைமையைச் சவால் விட வழி இருக்கவேணும் எண்டுதான் சொல்லுறன். ஃபிரெமென்களின்ர கத்தி வழக்கம் வேண்டாம். ஆனா அவையளிட்ட இருந்த அந்த உரிமை வேணும்.

உங்கட ஊரில உங்கட அமைப்பைப் பற்றி மூண்டு கேள்வி கேட்டுப் பாருங்கோ:

1. எங்களுக்காக மேடையில கதைக்கிற ஆள் நாளைக்கு விலகினால், என்ன மிஞ்சும்? தொடர்புப் பட்டியல், வங்கிக் கணக்கு, கடவுச்சொல், கூட்டக் குறிப்பு எல்லாம் ஒரே ஆளிட்டயோ?

2. போன வருஷம் வாய் திறக்காமல் பின்வாங்கில இருந்த ஆள் இந்த வருஷம் ஒரு கூட்டத்தை நடத்தினவவோ? இல்லையெண்டால், இந்த ஒரு வருஷத்தில வளர்ந்தது ஆர்?

3. நாங்கள் நம்புற கதையை ஆர் விதைச்சது? அதால ஆருக்குப் பாதுகாப்பு?

இந்த வேலைகளுக்கு ஆரும் சிலை வைக்கமாட்டினம். படமும் எடுக்கமாட்டினம். ஃபிரெமென்களின்ர தண்ணித் தொட்டிகளுக்கு நாவலிலயே கொஞ்சப் பக்கங்கள்தான் கிடைச்சது. மிச்சம் எல்லாம் பவுலுக்கு. ஆனா அந்தக் கிரகத்தில மரம் முளைச்சால், அது அந்தத் தொட்டிகளாலதான்.

அடுத்த முறை உங்கட வாசிப்பு வட்டத்துக்கு 'டூன்' எடுக்கிறதெண்டால், 'மெசையா'வையும் சேர்த்து எடுங்கோ; நேரம் இருந்தால் பட்லரையும். வாசிச்சிட்டு, என்னோட உடன்படாத ஆக்கள் கட்டாயம் பதில் எழுதுங்கோ. குறிப்பா, 'இண்டைக்கு எங்கட நிலைமையில ஒரு வலுவான தலைவர் இல்லாமல் ஒண்டும் நடக்காது' எண்டு நினைக்கிற தோழர்கள். அந்த வாதத்தை நேர கேட்க விரும்புறன். அடுத்த மடலில போடுவம்.

தோழமையுடன்.